காடு வெட்டிய பாட்டனைத் தேடி

நேயர்களே, ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். அமெரிக்காவில் ஒருவர் தம் குடும்பத்தின் முதற் குடியேறியைத் தேடப் புறப்பட்டால் முதலில் எங்கே போவார்? பெரும்பாலும் அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றக் கட்டடத்திற்குத்தான். 18ஆம் நூற்றாண்டில் அப்பலேச்சியன் மலைகளைக் கடந்து கென்டக்கிக் காட்டில் குடியேறியவரின் பெயர் அங்கே காணி உறுதியில் இருக்கும். வரிப் பட்டியலிலும் மரண சாசனத்திலும் இருக்கும். வீட்டு வேதாகமத்தின் வெற்றுத் தாளில் பிள்ளைகள் பிறந்த தினங்களும் எழுதப்பட்டிருக்கும்.

1775இல் கம்பர்லாந்துக் கணவாய் வழியாகக் கென்டக்கிக்குப் பாதை வெட்டிய டானியல் பூனின் பெயர் அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவருடைய குடும்பக் கதை இத்தனை விரிவாக எஞ்சியதற்கு இன்னொரு மனிதரும் காரணம். லைமன் டிரேப்பர் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் எல்லைப்புறக் குடியேறிகளின் பிள்ளைகளையும் பேரர்களையும் தேடிச் சென்று, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். 1851இல் பூனின் மகன் நேதனைச் சந்தித்து அவர் நினைவுகளையெல்லாம் பதிந்தார். அந்தக் கையெழுத்துக் குவியல் இன்றும் விஸ்கான்சின் மாநில வரலாற்றுச் சங்கத்தில் பாதுகாக்கப்படுகிறது.

பழகிய நிலம் முடிந்து பெருங்காடு தொடங்கும் அத்தகைய எல்லைப்புறம் ஒன்று நமது ஊவா மாகாணத்திலும் இருந்தது. பதுளை, பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, அப்புத்தளை, பண்டாரவளை என்று இன்று பச்சைப் பாய் விரித்தாற்போல் தோன்றும் மலைகள் பலவும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காடுகளாகவே இருந்தன. அவற்றை வெட்டியவர்கள் யார்? அவர்களின் குடும்ப வரலாற்றைத் தேடிப் போனால் நாம் எந்தக் கட்டடத்தின் கதவைத் தட்டுவது?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊவா ஆளில்லாத நிலமாக இருக்கவில்லை. 1817-18 ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது கிராமங்கள் எரிந்தன, வயல்கள் பாழாயின. பின்னர் 1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசின் சொத்தாக்கிற்று. அவை துரைமாருக்கு விலையாயின. அமெரிக்கக் காட்டில் பூர்வகுடிகள் நிலமிழந்தது போலவே இங்கும் சிங்களக் குடியானவர் நிலமிழந்தனர். அந்தக் காட்டை வெட்ட அழைத்து வரப்பட்ட தமிழருக்கோ நிலம் கிடைக்கவுமில்லை. அமெரிக்கக் குடியேறிக்கும் நம் பாட்டனுக்கும் உள்ள அடிப்படை வேற்றுமை இதுதான். அவர் வெட்டிய காடு அவருடையதாயிற்று. இவர் வெட்டிய காடு இன்னொருவருடையதாயிற்று. காணி இல்லாதவனுக்கு உறுதி இல்லை. உறுதி இல்லாதவன் பெயர் கச்சேரியில் இல்லை.

ஆங்கிலேயரின் தடங்களைத் தேடுவோருக்கு இந்தத் தொல்லை கிடையாது. பதுளை நகரிலுள்ள பரிசுத்த மாற்கு ஆலயம் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பவரின் நினைவாக எழுந்தது. பதுளையில் அரசாங்க அதிகாரியாக இருந்த அவர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயரெடுத்தவர். 1845 ஜூன் மாதத்தில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அவர் இறந்த விதமும் இடமும் எல்லாருக்கும் தெரியும். இலங்கையிலுள்ள ஐரோப்பியரின் கல்லறை வாசகங்களையெல்லாம் திரட்டி பென்ரி லூவிஸ் 1913இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார். அப்புத்தளைப் பக்கத்துத் தம்பத்தன்னைத் தோட்டத்தை 1890இல் வாங்கிய தோமஸ் லிப்டனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் அமர்ந்து பார்த்த மலைமுகட்டுக்கும் அவர் பெயரே. லிப்டன் மணம் செய்யாதவர். 1931இல் வாரிசின்றி மறைந்தார். அவருக்கு வரலாறு இருக்கிறது. அவருடைய தோட்டத்துத் தொழிலாளரின் வாரிசுகளோ அந்த மலை முழுதும் வாழ்கிறார்கள். அவர்களுடைய முப்பாட்டனின் பெயரைச் சொல்ல ஆளில்லை.

அக்காலத்தில் மலைநாட்டுப் பாதைகளை அமைத்த அரசாங்கத் தொழிற்படைக்கு 'பயனியர்' படை என்று பெயர். பின்னாளில் தென்னிந்தியத் தமிழர் பலர் அதிற் சேர்க்கப்பட்டனர். ஆங்கிலத்தில் எல்லைப்புறத்தின் முன்னோடிக் குடியேறிகளைக் குறிக்கவும் இதே சொல்தான் வழங்குகிறது. அமெரிக்காவில் அது பெருமைக்குரிய பட்டமாயிற்று. இங்கே கூலிப் பட்டியலின் தலைப்பாய் நின்றுவிட்டது.

குடும்ப வரலாறு என்பது ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் எண்ணக்கூடும். மலையக மக்களுக்கு அது அப்படி இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால், அவருடைய தகப்பனார் இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பன்வழிப் பாட்டனாரும் முப்பாட்டனாரும் இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். அதாவது சட்டம் வம்ச விருட்சத்தையே கேட்டது. அதற்குச் சான்றும் கேட்டது. கிராமத்துச் சிங்கள விவசாயியிடம் கேட்டிருந்தாலும் முப்பாட்டனின் பிறப்புச் சான்று இருந்திருக்காது. அவரிடம் கேட்கப்படவில்லை; தோட்டத்தில் இருந்தவரிடம் கேட்கப்பட்டது.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். பதுளையிலிருந்து சென்றவர் எஸ். எம். சுப்பையா. பிரஜாவுரிமை போனதும் வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் அந்த எழுவரின் இடங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. முப்பாட்டன் எங்கே பிறந்தார் என்ற கேள்விக்குத் தாளில் விடை இல்லாமற் போனதால், ஒரு சமூகமே நாடற்றதாயிற்று.

சரி, தாள் இல்லையென்றால் தேடுவது எப்படி? என் அனுபவத்தில் தேடல் இரண்டு வழிகளில் நடக்க வேண்டும். ஒன்று வாய்மொழி, மற்றொன்று நம்மைப் பற்றிப் பிறர் எழுதிவைத்த தாள்கள்.

வாய்மொழியில் முதலில் வருவது பெயர். பேரன் என்ற சொல்லே பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதால் வந்தது என்பார்கள். எங்கள் குடும்பத்தில் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் நான்கு தலைமுறையாக உண்டு. இதனால் நன்மையும் உண்டு; சங்கடமும் உண்டு. ஒரு பெயர் தெரிந்தால் இரண்டு தலைமுறைக்கு முந்திய பெயரும் தெரிந்துவிடும். ஆனால் ஒரே லயத்தில் மூன்று ராமசாமிகள் இருந்தால் யார் பாட்டன், யார் பேரன் என்று குழம்ப நேரும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு வம்சம் நின்றுவிடுகிறது. எனவே ஆளின் பெயரோடு அவர் எந்தக் கங்காணியின் கீழ் வேலை செய்தார், எந்த லயத்தில் இருந்தார் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது குலதெய்வம். இதை ஒரு முகவரி என்றே நான் சொல்வேன். ஊர்ப் பெயரை மறந்தவர்கள்கூடக் குலதெய்வத்தின் பெயரை மறப்பதில்லை. பிள்ளைக்கு முதல் முடி இறக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லியாக வேண்டும். திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, வட ஆர்க்காடு ஆகிய பகுதிகளிலிருந்தே பெரும்பாலோர் வந்தனர் என்பது தெரிந்த செய்தி. அந்தப் பரந்த நிலத்தில், இன்ன ஏரிக்கரை, இன்ன அம்மன் என்று சுட்டுவது குலதெய்வம்தான்.

மூன்றாவது கூத்து. நம் தோட்டங்களில் ஆடப்படும் பொன்னர் சங்கர் கதையில் வரும் வீரப்பூரும் வளநாடும் கற்பனை ஊர்கள் அல்ல. மணப்பாறைப் பக்கத்தில் அவை இன்றும் இருக்கின்றன. ஒரு தோட்டத்தில் அந்தக் கூத்து ஆடப்படுவதால் மட்டும் அங்குள்ளோர் எல்லாரும் வீரப்பூரார் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் கூத்தைக் கற்பித்த வாத்தியார் யார், அவருக்கு யார் கற்பித்தார் என்று கேட்டுக்கொண்டு போனால் ஒரு வழி திறக்கும். காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் அப்படியே.

இனித் தாள்களுக்கு வருவோம். இங்கே ஓர் உண்மை கசக்கும். நம் பாட்டன்மாரைப் பெருமைப்படுத்த எவரும் எதையும் எழுதவில்லை. அவர்களைக் கணக்குப் பார்க்கவும் கட்டிவைக்கவும் விலக்கவுமே எழுதினார்கள். அந்தத் தாள்களில்தான் அவர்கள் மிஞ்சியிருக்கிறார்கள்.

முதலாவது செக்ரோல். பேர் பதிந்த ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வரி உண்டு. எத்தனை நாள் பெரட்டுக்கு வந்தார், என்ன சம்பளம், என்ன பிடிப்பு என்றெல்லாம் இருக்கும். அதைப் படிக்க ஒரு பயிற்சி வேண்டும். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். கறுப்பன் 'கார்பென்' ஆனார். முத்துசாமி 'மூட்டூசாமி' ஆனார். தோட்டத்தின் பெயரிலும் இதே சிக்கல்தான். பதிவேட்டில் ஆங்கிலப் பெயர் இருக்கும். கிராமத்தார் சிங்களப் பெயர் சொல்வார்கள். தொழிலாளர் வாயில் வேறொரு தமிழ்ப் பெயர் வழங்கும். மூன்றும் ஒரே மலைதான் என்று அறியாதவர் அந்த மலையையே சுற்றிச் சுற்றி வருவார்.

இரண்டாவது 'துண்டு'. ஒரு கங்காணியின் கூட்டத்தார் தோட்டம் மாற வேண்டுமானால் அவர்களுடைய கடனைப் புதிய தோட்டம் கட்ட வேண்டும். கட்டினால் இன்னாரை விடுவிக்கலாம் என்று பழைய தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. மனிதரைக் கடனோடு கைமாற்றிய இந்த வழக்கம் 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒரு கங்காணியின் கூட்டம் பெரும்பாலும் ஓரூராரும் உறவினருமாகவே இருந்தது. ஆகவே அத்தகைய ஒரு சீட்டு கிடைத்தால் அது கடன் சீட்டாக மட்டும் இராது. ஒரு குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து எந்தத் தோட்டத்துக்குப் போயிற்று என்பதற்கும் அதுவே சான்று.

மூன்றாவது தகரத் துண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்களுக்கு அவர்கள் போக வேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த தகர வில்லை கொடுக்கப்பட்டது. கழுத்தில் கயிறு கோத்துத் தொங்கவிட்டுக்கொண்டு மண்டபம் முகாமையும் கடலையும் கடந்து வந்தார்கள். எவர் வீட்டிலாவது பழைய தகரப் பெட்டியின் அடியில் அப்படி ஒன்று கிடந்தால், பிள்ளைகள் விளையாட்டுக்கு எடுத்துவிடாமற் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த எண் ஒரு தோட்டத்தின் பெயர்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடுகள் இருக்கின்றன. பெற்றோர், ஞானப் பெற்றோர் பெயர்களோடு சில வேளை ஊர்ப் பெயரும் அதில் இருக்கும்.

நான்காவது தாளே எல்லாவற்றிலும் பெரியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் வந்தன. அவை 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் குறித்தன. விசாரணைகள் முடிந்தபோது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது. மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முந்திய ஏழு ஆண்டுகளும், மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் தொடர்ந்து இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும். இதற்காக ஒவ்வொரு குடும்பமும் தன் கதையை எழுதிக் கொடுத்தது. எங்கே பிறந்தார், எந்தத் தோட்டம், மனைவி யார், பிள்ளைகள் யார், எப்போது கடல் கடந்தார், எப்போது திரும்பினார் என்றெல்லாம் அதில் வந்தன.

எங்கள் வீட்டில் மிஞ்சிய ஒரே பழைய தாளும் அந்த விண்ணப்பம் மறுக்கப்பட்ட கடிதம்தான். பாட்டி பிரசவத்துக்காக ஊருக்குப் போய், நோயில் விழுந்து, ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டார். அதனால் வதிவு அறுந்தது என்று கடிதம் சொல்கிறது. அவர் போன தேதியும் வந்த தேதியும் அதில் உள்ளன. தகப்பனார் பிறந்த இடம் என்று பாட்டனார் சொன்ன ஊரும் முசிறித் தாலுகா என்று உள்ளது. எங்கள் குடும்பத்திற்கு நாடில்லை என்று சொன்ன அந்தக் காகிதம்தான் எங்களுக்கு ஊர் எது என்றும் சொல்கிறது. பாட்டனார் அதைக் கிழித்தெறிந்திருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். ஏனோ மடித்து வைத்திருந்தார்.

இத்தகைய விண்ணப்பங்களை இதுவரை அரசியல் வரலாற்றுக்கே நாம் பயன்படுத்தி வந்தோம். இலட்சக்கணக்கான தொழிலாளர் தம் வாழ்க்கையைத் தாமே சொல்லி எழுதுவித்த சரிதங்களின் தொகுதி என்று அவற்றைப் பார்க்க வேண்டும். டிரேப்பர் தேடித் திரிந்து எழுதியதை இங்கே சட்டம் கட்டாயப்படுத்தி எழுதுவித்தது.

பிறகு 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டன. பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் தலைமன்னாருக்கென்று ஏறியவர்களை வழியனுப்பிய அழுகுரலால் அந்த வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் வந்தது. அண்ணன் கூடலூரிலோ கோத்தகிரியிலோ, தம்பி பசறையிலோ என்று குடும்பங்கள் பிரிந்தன. எனவே இங்கே அறுந்த நூலின் மறுமுனை பல வேளைகளில் நீலகிரியில் இருக்கிறது. போனவர்களுக்குக் கொடுக்கப்பட்ட குடும்ப அட்டையில் தோட்டத்தின் பெயரும் குடும்பத்தார் பெயர்களும் உண்டு. இங்கே எரிந்துபோனது அங்கே ஒரு பெட்டியில் இருக்கலாம். 1983 ஜூலையில் பதுளை நகரில் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது எத்தனை பத்திரங்கள் சாம்பலாயின என்பதற்குக் கணக்கில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. உயிர் போன இடத்தில் தாளைப் பற்றிப் பேசுவது தகாதுதான். ஆனால் எஞ்சியவர்கள் தம்மை யாரென்று நிரூபிக்க மறுபடியும் தாள்தான் வேண்டியிருக்கும்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நாடற்றவர் பிரச்சினையைத் தீர்த்து வைத்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. 2023இல் மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் என்று நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த பாதையில் நடந்தார்கள். அந்த நடையைக் கண்ட இளைஞர் பலருக்கு எழுந்த கேள்வி, எங்கள் வீட்டிலிருந்து முதலில் நடந்து வந்தவர் யார் என்பதுதான்.

இலக்கியத் தொடரில் இதை ஏன் பேசுகிறேன் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம், தாள் கைவிட்ட இடத்தில் இலக்கியமே கைகொடுத்திருக்கிறது. 1869இல் ஆபிரகாம் ஜோசப் எழுதிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' கோப்பிக் காலத்து வேலைமுறையை நமக்குச் சொல்கிறது. அதே ஆண்டில்தான் மடுல்சீமையில் கோப்பி இலையில் துரு நோய் கண்டது என்பதையும் சேர்த்து நினைத்தால், மறையப் போகும் ஓர் உலகத்தை அந்நூல் கடைசி வேளையில் பிடித்து வைத்தது புரியும். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் திரட்டினார். சாரல்நாடன் வரலாற்றைத் துருவினார். ஊவாவின் கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த ஜோசப், தாம் ஆசிரியராயிருந்த தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துத் தெளிவத்தை ஜோசப் ஆனார். 2022இல் அவர் மறையும் வரை அந்தப் பெயர் அவரை விட்டு நீங்கவில்லை. காணி உறுதி இல்லாத ஒரு சமூகத்தில் ஓர் எழுத்தாளர் தோட்டத்தின் பெயரைத் தம் பெயராக்கிக்கொண்டதை, அந்த மண்ணுக்கு அவர் எழுதிய உறுதியாகவே நான் கருதுகிறேன். லயங்களில் வாழ்வோரில் மிகப் பலருக்கு இன்னும் வீட்டு உறுதி இல்லை என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே தோட்டத்துப் பிள்ளைகளுக்கும், தோட்டத்தைவிட்டு நகரத்துக்கு வந்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் மூத்தவர் எவராவது இருந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். உங்கள் பாட்டன் பெயர் என்ன? குலதெய்வம் எது? எந்தக் கங்காணியோடு வந்தார்கள்? இந்தத் தோட்டத்துக்கு முன் எந்தத் தோட்டம்? விடையை ஒரு கொப்பியில் தேதியிட்டு எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் எழுதுங்கள். தெரியாது என்றால் அதையும் எழுதுங்கள். பிறகு வீட்டிலுள்ள பழைய தாள்கள் எதுவாயினும், கிழிந்ததாயினும், மறுக்கப்பட்டதாயினும், ஒரு பிரதி எடுத்து நீலகிரியிலோ கொழும்பிலோ இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். ஒரே கூரையின் கீழ் எல்லாத் தாளும் இருக்க வேண்டாம். இந்த வேலையை எந்தக் கச்சேரியும் நமக்காகச் செய்யப்போவதில்லை; ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் செய்தால் போதும்.